கோடு கீறாதவள்

எங்கள் சித்திர வகுப்பில் அவளுடைய பென்சில் மட்டும் எப்போதும் புதிதாக இருக்கும். எங்களுடையவை சீவிச் சீவிக் கட்டையாகி, பிடிக்க முடியாமல் போன பின்பும் எறிய மனமில்லாமல் பெட்டிக்குள் கிடக்கும். அவளுடையது கடையில் வாங்கிய அன்றிருந்த நீளத்திலேயே இருந்தது. பென்சிலோடு அவளுக்கு அலுவலே இல்லை. தாளை நனைப்பாள். தூரிகையை நிறத்தில் தோய்ப்பாள். எங்காவது ஒரு மூலையில் தொடங்குவாள். நிறங்கள் ஊறிப்போய் ஒன்றையொன்று தொடும். படம் எந்த இடத்தில் தொடங்கியது, எந்த இடத்தில் முடிந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. கீறியவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கற்பிட்டியில் உயர்தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுத்தவர்கள் நாங்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய அளவு பிள்ளைகள்தான். நான் டவுனில் இருந்து நடந்து வருவேன். அவள் கண்டக்குழியில் இருந்து, களப்பு என்கிற உப்பங்கழியை ஒட்டி ஓடும் பஸ்ஸில் வருவாள். பாதி நாட்கள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், அங்கிருந்து வெயிலில் திரும்பி நடந்து, முதலாம் பாடம் முடிகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பாள். ஏன் என்று கேட்டால், "களப்பு நல்லா இரிந்திச்சு" என்பாள். வேறு காரணம் சொல்ல அவளுக்குத் தோன்றாது. டீச்சருக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றாது.

நானோ அடிமட்டம் இல்லாமல் ஒரு கதவைக்கூடக் கீறாத ஆள். என் மேசையில் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். அவளுடைய நிறத் தண்ணீர் என் பக்கம் ஓடி வரும், சோற்றுப் பெட்டி என் புத்தகத்தின் மேல் ஏறும், சோறும் கறியும் சம்பலும் ஒரே நிறமாகும்வரை பிசைந்துவிட்டுத்தான் முதல் கவளத்தை எடுப்பாள். கதை சொல்லத் தொடங்கினாலும் அப்படித்தான். மாமாவின் கதை என்று தொடங்கும். நடுவில் அவளே அதற்குள் வந்துவிடுவாள். பிறகு கடலுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடம் வரும்.

"இது கனவா, நெசமா?" என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நடந்திச்சு" என்றாள், மிகவும் யோசித்து.

எங்கள் டீச்சர் சிலாபத்துப் பக்கமிருந்து வந்தவர். எதற்கும் "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டுவார். நவீன ஓவிய இயக்கங்களைப் பற்றிய பகுதி வந்தபோது, குறிப்பு எழுதிப் பாடமாக்கினால் சோதனைக்குப் போதும், ஆனால் அவரவர் கையால் ஒரு தரமாவது செய்து பார்த்தால்தான் வாழ்க்கைக்கு ஏதாவது மிஞ்சும் என்று சொன்னார். ஒவ்வோர் இயக்கத்துக்கும் ஒரு செயற்றிட்டம். அந்த வருஷம் முழுக்க எங்கள் கைகளில் நிறம் காயாமலே இருந்தது.

முதலாவது மனப்பதிவுவாதம். காலையிலேயே எங்களைக் களப்புக் கரைக்குக் கூட்டிப் போனார். கண்டல் மரங்களுக்கு அப்பால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் வழக்கம்போல அடிமட்டத்தை வைத்துத் தாளின் நடுவே வானத்தையும் தண்ணீரையும் பிரித்தேன். அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"என்ன பிள்ளை, தொடங்கேல்லையா? முதல்ல தொடுவானத்துக் கோட்டைப் போடுங்க" என்றார் டீச்சர்.

"கோடு எங்க டீச்சர் இரிக்கி?"

"அந்தா, வானமும் தண்ணியும் சேருற இடம்."

அவள் கண்களைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள். "சேருற இடம் இரிக்கி டீச்சர். கோட்டத்தான் காணல்ல."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். பிறகு அவரும் திரும்பிக் களப்பைப் பார்த்தார். அன்று காலையில் தண்ணீரின் மேல் பனிமூட்டமாகப் புகார் இருந்தது. உண்மையில் கோடு இருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நின்றவர்கள் பாதி ஆளாகவும் பாதி தண்ணீராகவும் இருந்தார்கள். "ஹரி, நீங்க உங்கட மாதிரிக் கீறுங்க" என்றார். அவள் கீறிய படத்தைப் பார்த்துவிட்டு என் தாளைப் பார்த்தேன். என்னுடையது துப்புரவாக இருந்தது. அவளுடையதற்குள் போய் நிற்கலாம் போல இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதோடு, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது.

கனவடிவவாதம் வந்தபோது மாட்டிக்கொண்டாள். மேசை மேல் ஒரு கதிரையை ஏற்றி வைத்து, அதை எல்லாப் பக்கத்தாலும் பார்த்து, உடைத்து, துண்டு துண்டாக ஒரே தாளில் வைக்கச் சொன்னார் டீச்சர். எனக்குக் கொண்டாட்டம். அவள் கதிரையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கடைசியில் எல்லாப் பக்கத்தையும் ஈரத்தோடு ஈரமாக ஒன்றின் மேல் ஒன்று பூசிக் கொண்டு வந்தாள். கால்கள் முதுகுக்குள் வழிந்திருந்தன. அன்று முதல் அவளுக்கு 'உருகின கதிரை' என்று பட்டம் வைத்தோம். கூப்பிட்டால் ஓம் என்று திரும்புவாள்.

அரூப ஓவியத்துக்காகப் புத்தளம் உப்பளத்துக்குப் போனோம். அதுதான் என் சொர்க்கம். வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு என்று சதுரம் சதுரமாகத் தண்ணீர், நடுவே நேரான வரம்புகள். "இப்ப என்ன சொல்லுற? இது கோடு இல்லையா?" என்று அவளை இழுத்துப் போய்க் காட்டினேன். அவள் குந்தி உட்கார்ந்து வரம்பை விரலால் சுரண்டினாள். "பாரு, உப்பு வரம்புக்கு மேலயும் ஏறி இரிக்கி" என்று நகத்தில் ஒட்டியதை என் நாக்கில் வைத்துவிட்டாள். அவளோடு வாதாடி வெல்ல முடியாது.

கடைசிச் செயற்றிட்டம் வீட்டில் செய்ய வேண்டியது. படித்த இயக்கங்களில் ஒன்றை எடுத்து, வீட்டில் தினமும் புழங்குகிற ஒரு பொருளின் மேல் செய்ய வேண்டும். வீட்டார் அதோடு எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். நான் குசினிக் கதவில் சதுரங்கள் போட்டேன். இன்னொருத்தி தண்ணீர்க் குடத்தில் புள்ளிகள் வைத்தாள். இவள் வாப்பாவின் படகை எடுத்தாள்.

கண்டக்குழியில் ஒவ்வொரு வீட்டுப் படகுக்கும் ஒரு நிறம் உண்டு. பெயரைவிட நிறம்தான் முக்கியம். அவளுடைய உம்மாவுக்குக் கரைக்குப் போகிற வழக்கமில்லை. குசினி வாசலில் நின்றால் தாழைகளுக்கு இடையில் கடலில் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டுக்குள் மஞ்சள் நிறம் நுழைந்தால் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்பார். வாப்பா வந்து கால் கழுவுகிற நேரத்துக்கு அது கொதித்திருக்கும். தூரத்தில் ஒரு நகத்தளவு மஞ்சளை வைத்தே, அது தங்களுடையதா, அதே மஞ்சளில் சிவப்புப் பட்டி போட்ட அடுத்த வீட்டுப் படகா என்று சொல்லிவிடுவார். கல்யாணம் முடித்த நாள் முதல் அதே மஞ்சள். படகு மாறியிருக்கிறது, நிறம் மாறவில்லை.

சோளகக் காற்றுக் காலம் முடிகிற தறுவாயில் படகுகளைக் கரைக்கு ஏற்றி, உரசி, புதிதாகப் பெயின்ட் அடிப்பார்கள். அப்போதுதான் அவள் வாப்பாவிடம் கேட்டாள்.

"பெயின்ட் மாத்தினா மீன் கோவிச்சிக்கவா போகுது? அடிங்க மகள்" என்றார் அவர். படகின் பதிவு நம்பரை மட்டும் அழிக்க விடவில்லை.

நானும் போய் உதவினேன். அவள் நீலத்தையும் பச்சையையும் வெள்ளையையும் சாம்பலையும் கொஞ்சம் ஊதாவையும் தகரங்களில் ஊற்றி வைத்துக்கொண்டு, கலக்காமல், சின்னச் சின்னத் தீற்றலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கலப்பது பார்க்கிறவரின் கண்ணுடைய வேலை என்று டீச்சர் சொல்லித் தந்திருந்தார். ஒவ்வொரு நாளும் காலை வேளையில் மட்டும்தான் வேலை. கடலைப் பார்ப்பாள், ஒரு தீற்றல் வைப்பாள், மறுபடி கடலைப் பார்ப்பாள். வெயில் ஏறி நிறம் மாறிவிட்டால் தகரங்களை மூடிவிடுவாள். அந்த நாட்கள் எனக்கு இன்றும் முழுசாக நினைவில் இல்லை. மணல் சூடு, பெயின்ட் வாசம், லொட்ஜுகளில் தங்கிய வெள்ளைக்காரர்கள் அலையில் சறுக்க ஏற்றிய பட்டங்கள் எங்கள் தலைக்கு மேல் சத்தமில்லாமல் போய் வந்தது, யாரும் அவசரப்படாதது. அவ்வளவுதான். அரைத் தூக்கத்தில் கழிந்த ஒரு விடுமுறை என்று சொல்லலாம்.

முடிந்தபோது ஊரே வந்து பார்த்தது. மணலுக்கும் தென்னைகளுக்கும் நடுவே அந்தப் படகு மினுங்கிக்கொண்டு நின்றது. வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். வாப்பா பெருமையை மறைக்க வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அதை மணலில் வைத்துத்தான் பார்த்தோம். நான் உட்பட ஒருவருக்கும் அதற்கு மேல் யோசனை போகவில்லை.

கடலில் தள்ளிய காலை நானும் கரையில் நின்றேன். அலைகளைத் தாண்டும்வரை படகு தெரிந்தது. பிறகு அதன் விளிம்பு போயிற்று. பிறகு உடம்பு போயிற்று. வாப்பாவும் மாமாவும் தண்ணீரின் மேல் உட்கார்ந்து மெதுவாகப் போவது மட்டும் தெரிந்தது. அவள் கைதட்டிக் குதித்தாள். கைபேசியில் எடுத்த படத்தை டீச்சருக்கு அனுப்பினேன். "படகு எங்கே?" என்று பதில் வந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துச் சிரித்தோம். அவள் வாழ்க்கையிலேயே கீறிய மிக நல்ல படம் அது. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அதன் பிறகு வாப்பா வீடு வருகிற நேரத்தில் கேத்தல் கொதித்திருக்கவில்லை. "என்னா, மனிசன் வந்த பொறகா அடுப்பப் பத்த வைக்கிற?" என்று அவர் பகிடி பண்ணுவார். உம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார். ஆனால் நான் போகும் நாட்களில் அவர் குசினி வாசலில் நிற்கவில்லை. முற்றத்தில் நின்றார். இன்னொரு நாள் வேலிக்கு வெளியே நின்றார்.

அந்தச் சனிக்கிழமை, அறிக்கைக்காகப் படகு திரும்பி வருவதைப் படம் எடுக்க நான் அங்கே போயிருந்தேன். மற்றப் படகுகள் வந்தன. மீன் இறங்கியது, ஏலம் முடிந்தது, வலைகளை உதறிவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். மத்தியானத்து லுஹர் பாங்கு சொல்லியும் அவர்களுடைய படகு வரவில்லை. வாப்பாவின் கைபேசிக்கு எடுத்தால் தொடர்பு கிடைக்கவில்லை. உம்மா முதல் தடவையாகக் கரைக்கே வந்துவிட்டார். எஞ்சின் நின்றிருக்கும், நீரோட்டம் வடக்கே இழுத்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். தேடப் படகுகள் போயின. எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் மீனவர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கரையில் நின்று போகிறவர்களோடு கைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று கைபேசியைக் காதில் இருந்து எடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"போட் என்னா கலர் எண்டு கேக்குறானுகள்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"கடல்ட கலர்" என்றாள்.

காக்கா கைபேசியைப் பொத்திக்கொண்டு அவள் பக்கம் காதைச் சாய்த்தார். வேறு ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருப்பார். பிறகு கைபேசியைக் காதில் வைத்து, அதையே அப்படியே சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவன் சத்தம் போட்டது எங்களுக்கும் கேட்டது.

அந்தப் பகலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடல் அவ்வளவு அழகாக இருந்தது. நீலமும் பச்சையும் வெள்ளையும், எங்கும் ஒரு கோடில்லாமல், அவள் தீற்றித் தீற்றி வைத்த அதே கடல். அவள் தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி நின்றாள். கூப்பிட்டாலும் வரவில்லை. "அது வாப்பாவா பாரு, அது வாப்பாவா பாரு" என்று வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்தேன். சில நேரம் இருக்கிற மாதிரியும் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, கடலையும் அவளையும் பார்க்க.

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் செய்தி வந்தது. வெயில் தாழ்ந்து கடல் செம்பு நிறமானதும், அதன் மேல் நீலமாக ஒன்று கிடப்பதை ஒரு படகுக்காரன் கண்டிருக்கிறான். அவள் பூசியது காலைக் கடல். கடல் நிறம் மாறிய பிறகுதான் படகு வெளியே வந்தது. கட்டி இழுத்து வந்தார்கள். வாப்பா தள்ளாடி இறங்கினார். மாமாவின் சாரம் ஒரு துடுப்பில் கொடி மாதிரிக் கட்டியிருந்தது.

"ஒருத்தன் கிட்டயே வந்தான்" என்று சுற்றி நின்றவர்களிடம் வாப்பா சொன்னார். அவருக்குச் சிரிப்பும் வந்தது. "அவண்ட முகத்த நான் வடிவாப் பாத்தன். கூப்பிட்டன், கைய ஆட்டினன். அவண்ட எஞ்சின் சத்தத்துல கேக்கல்ல. நேரா எங்களத்தான் பாக்குறான். பாத்துட்டுத் திருப்பிட்டுப் போறான்."

அவள் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். உம்மாவின் கையைப் பிடித்தாள்.

"ஒங்களுக்கு போட் தெரியுதில்ல எண்டு ஏன் உம்மா சொல்லல்ல?"

"நீ அவ்வளவு சந்தோசமா இரிந்தியே புள்ள" என்றார் உம்மா. "எப்பிடிச் சொல்லுற?"

அவர்கள் இரண்டு பேரும் அழுததைப் பார்க்க முடியாமல் நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவளே அந்தப் படகை முழுக்க மஞ்சளாக்கினாள். வாப்பா "பொறுங்க மகள், மெல்லச் செய்வம்" என்றாராம். அவள் கேட்கவில்லையாம். மஞ்சள் காய்ந்ததும் விளிம்பு நெடுகக் கையகலத்துக்குக் கறுப்புப் பட்டி ஒன்று போட்டாள். செயற்றிட்ட அறிக்கையில் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அவளுடைய பென்சில் குட்டையாகத் தொடங்கியது. குவளைக்குக் கோடு, வெங்காயத்துக்குக் கோடு, இலைக்குக் கோடு, இலையின் நிழலுக்கும் கோடு. அழுத்தி, இரண்டு தரம் கீறுவாள். சோதனைக்கு மார்க் போடுகிறவர்கள் இப்படித்தான் எதிர்பார்ப்பார்கள் என்று டீச்சருக்கு ஒரு நிம்மதி. தவணைப் பரீட்சையில் என்னைவிடக் கூடுதலாக எடுத்தாள். பஸ்ஸில் சரியான இடத்தில் இறங்கி நேரத்துக்கு வந்தாள். சோற்றையும் கறியையும் புறம்பாக வைத்துச் சாப்பிட்டாள். என் மேசைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இரண்டு வருஷமாக நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது, எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அந்தக் கதிரையை இன்னொரு தரம் உருக்கிக் காட்டமாட்டாளா என்று இருந்தது.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கிறேன். மனப்பதிவுவாதம் பற்றி விரிவுரையாளர் பேசும்போது, ஒளியைப் பற்றியும் கணத்தைப் பற்றியும் குறிப்பு எழுதிக்கொள்கிறேன். தெரியாதது ஒன்றும் அதில் இல்லை.

அவளைக் கடைசியாகக் கண்டது செய்முறைப் பரீட்சை முடிந்த அன்று. அன்றும் வெளியே களப்பு புகாரோடு கிடந்தது. பஸ் வரும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது கேட்டுவிட்டேன்.

"இனி எப்பவும் கோடுதானா? முந்தின மாதிரி ஒண்டு எனக்குக் கீறித் தாவன். ஒண்டே ஒண்டு. ஒருத்தருக்கும் காட்ட மாட்டன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபப்படவில்லை.

"கீறிப் பாத்தன் புள்ள. பல தரம்" என்றாள். "கோடு இல்லாமக் கீறினா, முடிஞ்ச பொறகு அதுக்குள்ள வாப்பாவத் தேடத் தொடங்குறன். அவரு பின்னால பாயில படுத்துக் குறட்ட விடுற சத்தம் எனக்குக் கேக்குது. அந்த நேரமும் தேடுறன்."